ஜாபிக்ஸுக்கு டிஆர்: போஸ்ட்கிரஸ் லாக் ஷிப்பிங் அமைப்பது எப்படி

மெயின் சைட் விழுந்தால் எல்லா டீமும் முதலில் கேட்பது ஒன்றைத்தான்: "எதெல்லாம் டவுன்?" பதில் சொல்ல வேண்டியது ஜாபிக்ஸ், அதாவது சர்வர்களையும் நெட்வொர்க்கையும் கண்காணிக்கும் மென்பொருள். அந்த ஜாபிக்ஸ் சர்வரும் அதே ரேக்கில் இருந்தால், அதுவும் கூடவே படுத்திருக்கும். இஆர்பிக்கு டிஆர் (மெயின் சைட் விழுந்தால் வேறு இடத்திலிருந்து வேலையைத் தொடரும் மாற்று ஏற்பாடு), மெயிலுக்கு டிஆர் என்று பட்டியல் போடும்போது கண்காணிப்பு மட்டும் விட்டுப்போவது சகஜம். ஜாபிக்ஸ் 6.0, அதன் டேட்டாபேஸாகப் போஸ்ட்கிரஸ் 15, இரண்டு பக்கமும் லினக்ஸ் என்று வைத்துக்கொண்டு, அந்த ஓட்டையை அடைக்கும் வழி இங்கே.

ஒன்றை முதலிலேயே தெளிவாக்கிவிடலாம். கண்காணிப்பு டேட்டாபேஸில் கடைசி 3 நிமிட சிபியு கிராஃப் போனால் யாருக்கும் நஷ்டமில்லை. ஹோஸ்ட் (கண்காணிக்கப்படும் கருவி), டிரிகர் (எது பிரச்சினை என்ற விதி), ஆக்ஷன் (அப்போது செய்ய வேண்டியது), யாருக்கு எஸ்எம்எஸ் போக வேண்டும் என்ற பட்டியல் ஆகியவை பத்திரமாக இருந்து, டிஆர் சைட்டிலிருந்து அலர்ட் கிளம்பினால் போதும். வங்கிக் கணக்குக்குத் தேவையான கறார் இங்கே தேவையில்லை. அதனால்தான் ஃபைல் ஃபைலாக லாக் அனுப்பும் பழைய முறையே இதற்குப் பொருத்தம். சிங்க்ரனஸ் ரெப்ளிகேஷன் போட்டால் ஒவ்வொரு கமிட்டும் டிஆர் லிங்க்குக்காகக் காத்து நிற்கும். ரெப்ளிகேஷன் ஸ்லாட்டோடு (டிஆர் வாங்காத லாக்கை அழிக்காமல் வைக்கும் குறி) ஸ்ட்ரீமிங் (லாக்கை உடனுக்குடன் அனுப்பும் முறை) போட்டால், லிங்க் அறுந்த நேரத்தில் மெயின் சர்வரின் டிஸ்க்கில் லாக் குவியும். லாக் ஷிப்பிங்கில் மெயின் சர்வருக்கு டிஆர் என்று ஒன்று இருப்பதே தெரியாது. அதுவே அதன் பலம்.

"6.0-லேயே எச்ஏ இருக்கிறதே" என்று கேட்பவர்கள் உண்டு. அது ஜாபிக்ஸ் சர்வர் புராசஸுக்கான எச்ஏ, அதாவது ஒரு நோடு விழுந்தால் இன்னொன்று எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு. எத்தனை நோடு போட்டாலும் எல்லாம் ஒரே டேட்டாபேஸைத்தான் பார்க்கும். டேட்டாபேஸ் போனால் எல்லா நோடும் போச்சு.

எதை அனுப்புகிறோம்

கடையில் வியாபாரம் நடக்க நடக்கச் சிட்டையில் குறித்துக்கொண்டு, பிறகு பேரேட்டில் ஏற்றுவார்கள். போஸ்ட்கிரஸும் அப்படித்தான். எந்த மாற்றமும் முதலில் வால் எனப்படும் லாக்கில் எழுதப்படும், டேபிளுக்கு அப்புறம்தான் போகும். இந்த லாக் 16 எம்பி துண்டுகளாக வெட்டப்பட்டு பிஜி_வால் டைரக்டரியில் இருக்கும். நிரம்பிய சிட்டைப் பக்கத்தை அடுத்த ஊருக்கு அனுப்பி, அங்கே இருக்கும் பேரேட்டு நகலில் ஏற்றிக்கொண்டே வந்தால் அதுதான் லாக் ஷிப்பிங். ஒரு பக்கம் தவறினாலும் அதற்கு மேல் ஏற்ற முடியாது. கீழே வரும் சிக்கல்களில் பாதி இந்த ஒரு வரியிலிருந்து கிளைப்பவை.

தொடங்கும் முன்

இரண்டு பக்கமும் போஸ்ட்கிரஸ் மேஜர் வெர்ஷன் ஒன்றாக இருக்க வேண்டும். 14-லிருந்து 15-க்கு லாக் ஏறாது. சிபியு ஆர்க்கிடெக்சரும் ஒன்றாக இருக்க வேண்டும்.

ஓஎஸ்ஸும் ஒன்றாக இருக்கட்டும். இதைப் பலர் அலட்சியம் செய்கிறார்கள். போஸ்ட்கிரஸ் எழுத்து வரிசைக்கு ஜிலிப்சியை (லினக்ஸின் அடிப்படை லைப்ரரி) நம்பி இருந்தால், ஜிலிப்சி 2.28-ல் அந்த வரிசை மாறியது வினையாகும். மெயினில் ரெட்ஹேட் 7, டிஆரில் 8 என்று இருந்தால் லாக் ஒழுங்காக ஏறும், எர்ரர் எதுவும் வராது. ப்ரொமோட் செய்த (டிஆர் நகலை மெயினாகத் திறந்த) பிறகுதான் தெரியும்: டேபிளில் இருக்கும் ஹோஸ்ட்டைப் பெயர் சொல்லித் தேடினால் கிடைக்காது. இண்டெக்ஸ் பழைய வரிசையில் இருக்கும், தேடுவது புதிய வரிசையில். ரீஇண்டெக்ஸ் ஓட்டினால்தான் சரியாகும்.

டைம்ஸ்கேல்டிபி (நேர வரிசை டேட்டாவுக்கான போஸ்ட்கிரஸ் எக்ஸ்டென்ஷன்) போட்டிருந்தால் அதே வெர்ஷன் டிஆரிலும் வேண்டும், ஷேர்டு_ப்ரீலோட்_லைப்ரரிஸ் வரியும் வேண்டும். மேக்ஸ்_கனெக்ஷன்ஸ், மேக்ஸ்_வொர்க்கர்_புராசஸஸ், மேக்ஸ்_லாக்ஸ்_பெர்_டிரான்சாக்ஷன் போன்றவை டிஆரில் மெயினைவிடக் குறைவாக இருக்கக் கூடாது. கூட்டுவதாக இருந்தால் முதலில் டிஆரில் கூட்டுங்கள். மெயினில் மட்டும் கூட்டினால் 14-க்குப் பிந்தைய வெர்ஷன்களில் டிஆர் லாக் ஏற்றுவதை அங்கேயே நிறுத்திக்கொள்ளும்.

இன்னொன்று. வேகத்துக்காக யாராவது ஹிஸ்டரி டேபிள்களை (அளவீடுகள் சேரும் டேபிள்கள்) அன்லாக்டு என்று மாற்றி வைத்திருக்கிறார்களா பாருங்கள். அன்லாக்டு டேபிளின் மாற்றங்கள் லாக்கில் எழுதப்படுவதே இல்லை. டிஆர் திறக்கும்போது அந்த டேபிள் காலியாக இருக்கும். பிஜி_கிளாஸில் ரெல்பெர்சிஸ்டன்ஸ் நெடுவரிசை 'யூ' என்று காட்டும் டேபிள்களைத் தேடினால் கண்டுபிடித்துவிடலாம்.

லாக் எவ்வளவு ஊறுகிறது

லிங்க்கும் டிஸ்க்கும் கேட்பதற்கு முன் அளந்துவிடுங்கள். மெயினில் பிஜி_கரன்ட்_வால்_எல்எஸ்என் ஃபங்ஷனைக் கூப்பிட்டு விடையைக் குறித்துக்கொண்டு, சரியாக 1 மணி நேரம் கழித்து மறுபடி கூப்பிடுங்கள். இரண்டையும் பிஜி_வால்_எல்எஸ்என்_டிஃப் ஃபங்ஷனில் கொடுத்தால் வித்தியாசம் பைட்டில் வரும். ஒரே ஒரு மணி நேரம் போதாது. ஹவுஸ்கீப்பர் ஓடும் மணியையும் அளக்க வேண்டும். ஜாபிக்ஸின் ஹவுஸ்கீப்பர் இயல்பாக மணிக்கு ஒருமுறை பழைய ஹிஸ்டரியை அழிக்கும், அழிப்பதும் லாக்கில் எழுதப்படும். ட்ரெண்ட் டேபிள்களும் (மணிவாரிச் சுருக்கம்) மணி மாறும்போதுதான் மொத்தமாக எழுதப்படுகின்றன.

20 வினாடிக்கு ஒரு துண்டு என்று வந்தால் மணிக்கு 180 துண்டு, 2,880 எம்பி, நாளுக்குச் சுமார் 67.5 ஜிபி. லிங்க்கில் தொடர்ச்சியாகச் சுமார் 6.7 மெகாபிட் பிடிக்கும். இரவில் 8 மணி நேரம் லிங்க் இல்லாமல் போனால் 22.5 ஜிபி மெயினிலேயே காத்திருக்க வேண்டும். அந்த இடம் பிஜி_வால் இருக்கும் டிஸ்க்கில் இருக்கக் கூடாது. தனி டிஸ்க் கொடுங்கள். 2 நாள் அறுந்தாலும் தாங்கும்படி 150 ஜிபி வைத்தால் இந்தக் கணக்குக்குச் சரியாக இருக்கும்.

எண் பெரிதாக வந்தால் குறைக்க மூன்று வழி. செக்பாயின்ட்_டைம்அவுட் (மாற்றங்களை டேபிள் ஃபைல்களில் எழுதி முடிக்கும் இடைவெளி) இயல்பாக 5 நிமிடம், அதை 15 அல்லது 30 ஆக்குங்கள். கூடவே மேக்ஸ்_வால்_சைஸையும் 1 ஜிபியிலிருந்து ஏற்றுங்கள். ஒவ்வொரு செக்பாயின்ட்டுக்குப் பிறகும் ஒரு பேஜை முதல்முறை தொடும்போது முழுப் பேஜும் லாக்கில் போகிறது. செக்பாயின்ட் குறைந்தால் அது குறையும். இரண்டாவது, வால்_கம்ப்ரெஷன். 15-ல் எல்இசட்4 என்று கொடுக்கலாம். மூன்றாவது, ஹிஸ்டரி டேபிள்களைப் பார்ட்டிஷன் ஆக்குவது அல்லது டைம்ஸ்கேல் போடுவது. வரி வரியாக அழிப்பதற்குப் பதில் நாள் முடிந்த துண்டை அப்படியே கழற்றி எறிவதால், ஹவுஸ்கீப்பர் கிளப்பும் லாக் கிட்டத்தட்ட காணாமல் போகும்.

மெயின் பக்கம்

வால்_லெவல் ரெப்ளிகா என்று இருக்க வேண்டும். அதுவே இயல்பு, யாராவது மினிமல் ஆக்கியிருக்கிறார்களா என்று மட்டும் பாருங்கள். ஆர்க்கைவ்_மோட் ஆன். இதற்கு ரீஸ்டார்ட் தேவை, நேரம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஆர்க்கைவ்_டைம்அவுட் 60 வினாடி. துண்டு நிரம்பாவிட்டாலும் நிமிடத்துக்கு ஒருமுறை வெட்டி அனுப்பச் சொல்கிறோம். பாதி நிரம்பிய துண்டும் 16 எம்பிதான், ஆனால் மீதி இடம் பூஜ்யமாக இருப்பதால் அனுப்பும்போது நன்றாகச் சுருங்கும்.

ஆர்க்கைவ்_கமாண்டில்தான் எல்லாரும் சறுக்குவது. நேராக டிஆருக்கு எஸ்எஸ்எச் வழியாக அனுப்பும் கட்டளையை அங்கே எழுதாதீர்கள். லிங்க் போனால் கட்டளை தோற்கும், தோற்ற துண்டைப் போஸ்ட்கிரஸ் அழிக்காது, பிஜி_வால் வளரும், டிஸ்க் நிரம்பியதும் டேட்டாபேஸ் பேனிக் ஆகி நின்றுவிடும். டிஆருக்காகப் போட்ட ஏற்பாடே மெயினைச் சாய்க்கும். ஆர்க்கைவ்_கமாண்ட் உள்ளூர் டிஸ்க்கில் மட்டும் வைக்கட்டும், அனுப்புவதை வேறு ஆள் பார்த்துக்கொள்ளட்டும்.

தனி டிஸ்க்கில் இரண்டு டைரக்டரி: 'வைப்பு', 'போக'. ஒரு சின்ன ஷெல் ஸ்கிரிப்ட்டை ஆர்க்கைவ்_கமாண்டில் கொடுத்து, %பி, %எஃப் இரண்டையும் அதற்கு அனுப்புங்கள். முதலாவது துண்டின் பாதை, இரண்டாவது வெறும் பெயர். ஸ்கிரிப்ட் செய்ய வேண்டியது:

வைப்பில் அதே பெயரில் ஃபைல் இல்லையென்றால், முதலில் டெம்ப் பெயரில் காப்பி செய்து, சிங்க் கொடுத்து, பிறகு சரியான பெயருக்கு மாற்ற வேண்டும். நேராகச் சரியான பெயரில் காப்பி செய்தால், நடுவில் மின்சாரம் போகும்போது பாதி ஃபைல் முழு ஃபைல் போல உட்கார்ந்திருக்கும். அதே பெயரில் ஏற்கெனவே ஃபைல் இருந்தால் சிஎம்பி கட்டளையால் ஒப்பிடுங்கள். உள்ளடக்கம் ஒன்றென்றால் அது கிராஷுக்குப் பிந்தைய மறுமுயற்சி, தொடரலாம். வேறென்றால் பூஜ்யமல்லாத எண்ணோடு வெளியேற வேண்டும், மேலெழுதவே கூடாது. இரண்டு நிலையிலும் கடைசியில் 'போக' டைரக்டரியில் ஒரு ஹார்டு லிங்க் (அதே ஃபைலுக்கு இன்னொரு பெயர்) போடுங்கள். "வைப்பில் இருக்கிறதே" என்று ஹார்டு லிங்க் போடாமல் வெற்றி சொல்லிவிட்டால், கிராஷ் நேரத்தில் ஒரு துண்டு அனுப்பப்படாமலே போய்விடும். ஒருமுறை கூடுதலாக அனுப்புவதால் கெடுதல் ஒன்றுமில்லை.

லாக் துண்டின் பெயரைப் போல 24 எழுத்து இருந்தால்தான் எடுப்பேன் என்று ஸ்கிரிப்ட்டில் வடிகட்டாதீர்கள். டைம்லைன் ஹிஸ்டரி ஃபைலும் பேக்கப் குறிப்பு ஃபைலும் இதே வழியில்தான் வரும்.

ஹார்டு லிங்க் என்பதால் இடம் இரண்டு மடங்கு ஆகாது. 'போக' டைரக்டரியிலிருந்து ஆர்சிங்க் (ஃபைல்களை இன்னொரு சர்வருக்குக் கொண்டுபோகும் கருவி) அனுப்பும், ரிமூவ் சோர்ஸ் ஃபைல்ஸ் ஆப்ஷனோடு. போய்ச் சேர்ந்தது மட்டும் அங்கிருந்து நீங்கும், வைப்பில் ஒரு பிரதி நிற்கும். வைப்பில் 2 நாளுக்கு மேல் பழசை ஃபைண்ட் கட்டளையால் அழிக்கலாம். லிங்க் 3 நாள் அறுந்து கிடந்தாலும், டிஸ்க்கில் இடம் இருக்கும்வரை, அனுப்பாத துண்டின் ஹார்டு லிங்க் 'போக'வில் இருப்பதால் அது அழியாது.

ஏன் இவ்வளவு சுற்று? ஒரே டைரக்டரி வைத்து வெறும் ஆர்சிங்க் ஓட்டினால் என்ன ஆகும் என்று பாருங்கள். டிஆர் தனக்கு வேண்டாத பழைய துண்டுகளை அழித்துக்கொண்டே வரும். அடுத்த முறை ஆர்சிங்க் ஒப்பிடும்போது "அங்கே இல்லையே" என்று அந்த 2 நாள் லாக்கையும் மறுபடி அனுப்பும். நிமிடத்துக்கு நிமிடம். நெட்வொர்க் டீம் போன் செய்யும்வரை யாருக்கும் தெரியாது.

ஆர்சிங்கை சிஸ்டம்டி டைமரில் 30 வினாடிக்கு ஒருமுறை ஓட்டுங்கள், எஃப்லாக் போட்டு, முந்தையது முடியாமல் அடுத்தது தொடங்காதபடி. டெம்ப் ஃபைல்களை விலக்குங்கள், இசட் ஆப்ஷன் போடுங்கள். இன்ப்ளேஸ் ஆப்ஷன் மட்டும் வேண்டவே வேண்டாம். ஆர்சிங்க் இயல்பாக வேறு பெயரில் எழுதி முடித்துத்தான் பெயர் மாற்றும். இன்ப்ளேஸ் அந்தப் பாதுகாப்பைக் கெடுத்துவிடும், பாதித் துண்டை டிஆர் எடுத்து ஏற்றப் பார்க்கும்.

அடிப்படை நகல்

லாக் அனுப்புவது ஓடத் தொடங்கிய பிறகுதான் முழு நகல் எடுக்க வேண்டும், முன்னால் எடுத்தால் நடுவில் இடைவெளி விழும். ரெப்ளிகேஷன் உரிமையுள்ள யூசர் ஒன்றை உருவாக்கி, பிஜி_எச்பிஏ ஃபைலில் டிஆர் ஐபிக்கு ரெப்ளிகேஷன் வரி சேர்த்து, டிஆரிலிருந்து பிஜி_பேஸ்பேக்கப் ஓட்டுங்கள். செக்பாயின்ட் ஃபாஸ்ட், மேக்ஸ் ரேட் 8 எம்பி. 200 ஜிபி டேட்டாபேஸுக்கு 7 மணி நேரம் சொச்சம் ஆகும். ஸ்க்ரீன் அல்லது டிமக்ஸுக்குள் ஓட்டுங்கள். அந்த 7 மணி நேரத்தில் டிஆரில் 20 ஜிபி லாக்கும் வந்து சேரும், இடம் இருக்கட்டும்.

கேபிடல் ஆர் ஆப்ஷன் கொடுக்க வேண்டாம். அது ஸ்ட்ரீமிங்குக்கான இணைப்பு விவரத்தை எழுதிவிடும். டெபியன், உபுண்டுவில் கான்ஃபிக் ஃபைல்கள் டேட்டா டைரக்டரிக்கு வெளியே இருப்பதால் நகலில் வராது, கையால் கொண்டுபோக வேண்டும். ரெட்ஹேட் வகையில் உள்ளேயே இருப்பதால் மெயினின் ஆர்க்கைவ்_கமாண்டும் கூடவே வந்துவிடும். டிஆர் ஸ்டாண்ட்பையாக (லாக்கை ஏற்றிக்கொண்டு காத்திருக்கும் நகலாக) இருக்கும்வரை அது ஓடாது, ப்ரொமோட் ஆன நொடியிலிருந்து ஓடும். அதன் பாதைகள் டிஆரில் இருக்கின்றனவா என்று இப்போதே பாருங்கள்.

டிஆர் பக்கம்

டேட்டா டைரக்டரியில் ஸ்டாண்ட்பை.சிக்னல் என்ற காலி ஃபைல். 12-க்கு முன்பு ரெகவரி.கான்ஃப் என்று ஒன்று இருந்தது. பழைய கட்டுரைகளைப் பார்த்து அதை வைத்தால் சர்வர் தொடங்கவே மறுக்கும். ரீஸ்டோர்_கமாண்டில் வந்திறங்கும் டைரக்டரியிலிருந்து %எஃப்-ஐ %பி-க்குக் காப்பி செய்யும் கட்டளை. ஃபைல் இல்லையென்றால் அது தோற்க வேண்டும், 5 வினாடி கழித்துப் போஸ்ட்கிரஸ் தானே மறுபடி கேட்கும். சர்வர் தன் செய்திகளை எழுதும் லாகில் (வால் அல்ல) "ஃபைல் இல்லை" என்ற வரி ஓயாமல் வருவது நோய் இல்லை, அது மூச்சு. ஆர்க்கைவ்_க்ளீனப்_கமாண்டில் பிஜி_ஆர்க்கைவ்க்ளீனப், டைரக்டரி, %ஆர். ஹாட்_ஸ்டாண்ட்பை ஆன், அப்போதுதான் உள்ளே எட்டிப் பார்க்க முடியும்.

ரெகவரி_மின்_அப்ளை_டிலே 30 நிமிடம் வைப்பது என் பரிந்துரை. சைட் விழுவதைவிட அடிக்கடி நடப்பது மனிதத் தவறு: ஒரு டெம்ப்ளேட்டை "அன்லிங்க் அண்டு க்ளியர்" செய்து ஆயிரக்கணக்கான ஐட்டத்தை (ஒவ்வொன்றும் ஒரு அளவீடு) ஹிஸ்டரியோடு அழித்துவிடுவார்கள். 30 நிமிடத்துக்குள் தெரிந்தால் டிஆரில் பிஜி_வால்_ரீப்ளே_பாஸ் கொடுத்து நிறுத்தி, வேண்டிய டேபிள்களை பிஜி_டம்ப் எடுத்துக்கொள்ளலாம். அந்த நேரத்தில் ப்ரொமோட் மட்டும் செய்துவிடாதீர்கள். ப்ரொமோட் என்றால் வந்து சேர்ந்த லாக் எல்லாவற்றையும் ஏற்றிவிட்டுத்தான் திறக்கும், அழித்த கட்டளையும் சேர்த்து. அதனால்தான் உண்மையான ஃபெயில்ஓவரில் இந்த 30 நிமிடத் தாமதத்தால் டேட்டா இழப்பும் இல்லை.

ஸ்டாண்ட்பையைப் பார்த்ததும் "கிரஃபானா ரிப்போர்ட்டை இதில் ஓட்டலாமே" என்பார்கள். நீண்ட க்வெரியும் ஏற வேண்டிய லாக்கும் மோதினால், 30 வினாடி பொறுத்துவிட்டு க்வெரியை வெட்டிவிடும். புகார் வந்ததும் யாராவது மேக்ஸ்_ஸ்டாண்ட்பை_ஆர்க்கைவ்_டிலேயை மைனஸ் 1 ஆக்குவார்கள், அதன்பின் ஒரு ரிப்போர்ட் ஓடும்வரை லாக் ஏறாது. முடியாது என்று சொல்லிவிடுங்கள்.

பின்தங்கலைப் பார்ப்பது

டிஆரில் பிஜி_லாஸ்ட்_எக்ஸ்ஆக்ட்_ரீப்ளே_டைம்ஸ்டாம்ப் கொடுக்கும் நேரத்தை இப்போதைய நேரத்திலிருந்து கழியுங்கள். டிலே இல்லாவிட்டால் 2 முதல் 3 நிமிடம் இருக்க வேண்டும்: வெட்ட 60 வினாடி, டைமருக்கு 30, அனுப்பவும் ஏற்றவும் கொஞ்சம். 30 நிமிட டிலே வைத்திருந்தால் 33-ஐ ஒட்டி இருக்கும், 45 தாண்டினால் அலர்ட். மெயினில் பிஜி_ஸ்டாட்_ஆர்க்கைவரில் ஃபெயில்டு_கவுன்ட் கூடுகிறதா, கடைசியாக ஆர்க்கைவ் ஆன நேரம் நகர்கிறதா என்று பாருங்கள். 'போக' டைரக்டரியில் ஃபைல் எண்ணிக்கை 20-ஐத் தாண்டினால் லிங்க்கில் ஏதோ கோளாறு.

இவற்றை ஜாபிக்ஸிலேயே ஐட்டமாகப் போடலாம், போடவும் வேண்டும். ஆனால் ஜாபிக்ஸ் செத்தால் இதைச் சொல்ல ஆளில்லை. டிஆர் சர்வரில் ஜாபிக்ஸோடு சம்பந்தமே இல்லாத ஒரு கிரான் ஸ்கிரிப்ட், 5 நிமிடத்துக்கு ஒருமுறை இந்தப் பின்தங்கலைப் பார்த்து, மெயின் மெயில் சர்வர் வழியாக இல்லாமல் வேறு வழியில் செய்தி அனுப்பட்டும். பத்து வரி ஸ்கிரிப்ட் போதும்.

துண்டு ஒன்று நடுவில் தொலைந்தால் டிஆர் கத்தாது. அந்த ஒரு பெயரையே கேட்டுக்கொண்டு அமைதியாக உட்கார்ந்திருக்கும். லாகில் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வருகிறது, அதற்கு அடுத்த எண்கள் எல்லாம் டைரக்டரியில் இருக்கின்றன என்றால் அதுதான் நிலை. வைப்பில் பிரதி இருந்தால் கையால் அனுப்புங்கள். இல்லையென்றால் முழு நகல் மறுபடி. இடம் போதவில்லை என்று பிஜி_வாலுக்குள் போய்க் கையால் அழிப்பவர்களால்தான் பெரும்பாலும் இது நேர்கிறது.

டேட்டாபேஸில் இல்லாதவை

லாக் ஒழுங்காக ஏறியும் டிஆர் ஜாபிக்ஸ் ஊமையாக இருப்பதற்குக் காரணம் அநேகமாக இங்கேதான் இருக்கும். ஜாபிக்ஸ் சர்வர் கான்ஃபிக், அலர்ட் ஸ்கிரிப்ட்டுகள், எக்ஸ்டர்னல் ஸ்கிரிப்ட்டுகள், அவை கேட்கும் பைத்தான் மாட்யூல்கள், ஓடிபிசி டிரைவர், எஃப்பிங், எம்ஐபி ஃபைல்கள், டிஎல்எஸ் சான்றிதழ்கள் எதுவும் டேட்டாபேஸில் இல்லை. கிட்டில் போட்டு இரண்டு பக்கமும் ஒரே அன்சிபிள் ப்ளேபுக்கால் தள்ளுங்கள்.

ஜாபிக்ஸ் சர்வர் பேக்கேஜ் டிஆரில் இருக்க வேண்டும், ஓடக் கூடாது. டிசேபிள் போதாது, மாஸ்க் (கையாலும் தொடங்க முடியாதபடி பூட்டுவது) செய்யுங்கள். பேக்கேஜை ஹோல்டிலும் வையுங்கள். மெயினில் 6.0 இருக்க, டிஆரில் யாரோ அப்டேட் ஓட்டி 7.0 ஏறியிருந்தால், ப்ரொமோட்டுக்குப் பிறகு அது தொடங்கியதும் டேட்டாபேஸ் ஸ்கீமாவைத் தானாகவே மேம்படுத்திவிடும். பிறகு பழைய சர்வருக்கு அந்த டேட்டாபேஸ் உதவாது.

ஸ்விட்ச், ரூட்டர்களின் எஸ்என்எம்பி (அவற்றின் நிலையைக் கேட்டறியும் நெறிமுறை) ஏசிஎல்லில் (யாரை அனுமதிப்பது என்ற பட்டியல்) டிஆர் ஐபி இருக்கிறதா? பெரும்பாலும் இருக்காது. நூறு ஸ்விட்ச்சில் ஏசிஎல் மாற்றுவது ஃபெயில்ஓவர் இரவில் செய்யும் வேலையில்லை. எஸ்என்எம்பி டிராப்புக்கும் (கருவி தானாக அனுப்பும் எச்சரிக்கை) டிஆரை இரண்டாவது முகவரியாகச் சேர்க்க வேண்டும். மெயில் ரிலே, எஸ்எம்எஸ் கேட்வே ஒயிட்லிஸ்ட்டிலும் டிஆர் ஐபி வேண்டும். ஃபயர்வாலில் டிஆரிலிருந்து ஏஜென்ட்டுகளுக்கு (ஹோஸ்ட்டில் ஓடி அளவீடு தரும் புரோகிராம்) 10050 போர்ட், ப்ராக்ஸியும் (ஏஜென்ட்டுகளிடம் சேகரித்துச் சர்வருக்கு அனுப்பும் இடைநிலை) ஏஜென்ட்டும் டிஆருக்கு வர 10051 திறந்திருக்க வேண்டும்.

ஏஜென்ட்டின் சர்வர் வரியில் இரண்டு ஐபியையும் காற்புள்ளியிட்டு எழுதிவிடுங்கள். ஆக்டிவ் ஏஜென்ட்டுக்கும் ப்ராக்ஸிக்கும் ஐபியைவிட டிஎன்எஸ் பெயர் நல்லது, டிடிஎல் 60 வினாடி. ஏஜென்ட்டுகள் எல்லாம் ப்ராக்ஸி வழியாகப் பேசினால் இன்னும் எளிது, ஃபெயில்ஓவரில் ப்ராக்ஸிகள் மட்டும் திரும்பினால் போதும். ப்ராக்ஸி_ஆஃப்லைன்_பஃபர் இயல்பாக 1 மணி நேரம்தான், அதை 24 ஆக்குங்கள். மெயின் செத்து டிஆர் எழும்வரை சேர்த்த டேட்டாவை ப்ராக்ஸி டிஆரிடம் கொட்டிவிடும், கிராஃபில் பள்ளமே தெரியாது.

ஃபெயில்ஓவர் அன்று

1. மெயின் செத்ததா, லிங்க் செத்ததா? மூன்றாவது இடத்திலிருந்து, மொபைல் நெட்டிலிருந்தாவது, பாருங்கள். லிங்க் மட்டும் போயிருந்தால் மெயின் ஜாபிக்ஸ் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். டிஆரையும் எழுப்பினால் ஒரே பிரச்சினைக்கு இரண்டு பக்கமிருந்தும் எஸ்எம்எஸ் வரும்.

2. மெயினைத் தொட முடிந்தால் ஜாபிக்ஸ் சர்வரை நிறுத்தி, பிஜி_ஸ்விட்ச்_வால் கொடுத்து, கடைசித் துண்டு டிஆருக்கு வந்ததைப் பெயர் வைத்துச் சரிபார்த்துவிட்டுப் போஸ்ட்கிரஸையும் நிறுத்துங்கள். தொட முடியாவிட்டால் டிஆர் ஃபயர்வாலில் மெயினிலிருந்து வரும் எஸ்எஸ்எச்சை அடைத்துவிடுங்கள். நடுவில் உயிர்பெற்று எதையும் அனுப்பக் கூடாது.

3. டிஆரில் பிஜி_ப்ரொமோட். பிஜி_இஸ்_இன்_ரெகவரி 'எஃப்' என்று சொல்ல வேண்டும். டிலே வைத்திருந்தால் மீதி லாக் ஏறச் சில நிமிடம் பிடிக்கலாம், பதற வேண்டாம்.

4. ஹிஸ்டரி டேபிளில் மிகப் பெரிய க்ளாக் மதிப்பை நேரமாக மாற்றிப் பாருங்கள். அந்த நேரத்துக்கும் மெயின் விழுந்த நேரத்துக்கும் உள்ள இடைவெளிதான் உங்கள் உண்மையான டேட்டா இழப்பு, அறிக்கையில் எழுத வேண்டிய எண்.

5. ஜாபிக்ஸ் சர்வரைத் தொடங்கும் முன் வெப் ஃபிரன்ட்எண்டை மட்டும் எழுப்புங்கள். அட்மினிஸ்ட்ரேஷன், மீடியா டைப்ஸ் (மெயில், எஸ்எம்எஸ் போன்ற அனுப்பும் வழிகள்) போய் எல்லாவற்றையும் டிசேபிள் செய்யுங்கள். ஆக்ஷன்களை டிசேபிள் செய்தால் பாதியில் நிற்கும் எஸ்கலேஷன்கள் (படிப்படியாகப் போகும் அலர்ட்டுகள்) "ரத்தானது" என்று தனியாகச் செய்தி அனுப்பும். மீடியா டைப் என்றால் வெளியே எதுவும் போகாது, உள்ளே தோல்வி என்று பதிவாகும்.

6. அன்மாஸ்க் செய்து ஜாபிக்ஸ் சர்வரைத் தொடங்குங்கள், டிஎன்எஸ்ஸை மாற்றுங்கள். அட்மினிஸ்ட்ரேஷன், க்யூ பக்கத்தில் 10 நிமிடத்துக்கு மேல் தாமதம் என்ற எண்ணிக்கை இறங்குகிறதா பாருங்கள். இறங்காமல் எஸ்என்எம்பி வரியில் மட்டும் நின்றால் ஏசிஎல்தான்.

7. 15 நிமிடம் பொறுங்கள். இரண்டு நிமிடத்தில் டேஷ்போர்டு அமைதியாக இருக்கிறதே என்று மீடியாவைத் திறந்துவிடாதீர்கள். நோடேட்டா டிரிகர்கள் (டேட்டா வராவிட்டால் அடிப்பவை) சர்வர் ரீஸ்டார்ட் ஆனதும் அடிக்காது, தங்கள் கால அளவு முடியும்வரை காத்திருக்கும். 5 நிமிடம், 10 நிமிடம் என்று எழுதியவை அந்தந்த நிமிடத்தில்தான் வெடிக்கும். வெடித்ததில் எது உண்மை, எது டிஆரிலிருந்து எட்டாத ஹோஸ்ட் என்று பிரித்துவிட்டு, எட்டாதவற்றை மெயின்டெனன்ஸில் போட்டு, அப்புறம் மீடியாவைத் திறங்கள்.

திரும்பி வருதல்

மெயினுக்கு மின்சாரம் வந்ததும் பழைய ஜாபிக்ஸ் தானாக எழுந்து, பழைய டேட்டாபேஸை வைத்துக்கொண்டு அலர்ட் அனுப்பத் தொடங்கும். மெயினிலும் ஜாபிக்ஸ் சர்வரைத் தானாகத் தொடங்கவிடாமல் வைப்பதே மேல். சாதாரண ரீபூட்டில் ஒருவர் கையால் தொடங்க வேண்டியிருக்கும், அந்தச் சிரமம் தாங்கக்கூடியதே.

பழைய மெயினை அப்படியே ஸ்டாண்ட்பை ஆக்க முடியாது. அனுப்பாமல் தங்கிய கடைசி லாக்கால் அதன் பாதை விலகியிருக்கும். டேட்டா செக்சம் அல்லது வால்_லாக்_ஹின்ட்ஸ் முன்பே ஆன் ஆகியிருந்தால் பிஜி_ரிவைண்ட் (விலகிய பகுதியை மட்டும் சரிசெய்யும் கருவி) உதவும். இல்லையென்றால் டிஆரிலிருந்து மெயினுக்கு முழு நகல், மறுதிசையில் லாக் ஷிப்பிங். அந்தத் திசைக்கு வேறு டைரக்டரிகள் வையுங்கள், பழைய 'போக'வில் மிச்சமிருப்பது எதுவும் இதில் கலக்கக் கூடாது. பின்தங்கல் 3 நிமிடத்துக்குள் வந்ததும், அமைதியான நேரம் பார்த்து, மேலே சொன்ன 7 படியையும் திசை மாற்றிச் செய்தால் மெயின் மறுபடி மெயின்.

டிரில்

மூன்று மாதத்துக்கு ஒருமுறை. அசல் ஸ்டாண்ட்பையை ப்ரொமோட் செய்தால் பிறகு 7 மணி நேர நகல் மறுபடி எடுக்க வேண்டும் என்பதால்தான் டிரில் தள்ளிப்போகிறது. பதிலாக, டிஆர் விஎம்மை ஸ்னாப்ஷாட்டிலிருந்து க்ளோன் செய்து, வெளியே வழியில்லாத தனி விலானில் எழுப்பி அதை ப்ரொமோட் செய்யுங்கள். நெட்வொர்க் கார்டை மாற்றிய பிறகே க்ளோனுக்குப் பவர் கொடுக்க வேண்டும். 3-லிருந்து 5 வரையான படிகளுக்கு எத்தனை நிமிடம் ஆனது என்று எழுதி வையுங்கள். ஏசிஎல்லையும் எஸ்எம்எஸ் ஒயிட்லிஸ்ட்டையும் க்ளோனில் சோதிக்க முடியாது. அதற்கு அசல் டிஆர் சர்வரிலிருந்தே எஸ்என்எம்பிகெட்டை எல்லா ஸ்விட்ச்சுக்கும் ஒரு சுற்று ஓட்டி, அலர்ட் ஸ்கிரிப்ட்டைக் கையால் கூப்பிட்டு, உங்கள் போனுக்கு ஒரு எஸ்எம்எஸ் வருகிறதா என்று பாருங்கள்.